கன்னியப்பன் சுட்ட சூளை அடை

எங்கள் கன்னியப்பன் சித்தப்பா சண்டைக்குப் போய்த் திரும்பி வந்தவர். ஆனால் துப்பாக்கியைத் தொட்டதில்லை. இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்பவில்லை.

“அப்ப இன்னாதான் பண்ணே அங்க?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்.

“பள்ளம் தோண்டனேன். மூட்டை தூக்கனேன். சோறாக்கனேன்.”

“அதத்தான இங்கயும் பண்ணிக்கினு இருந்தே?”

“ஆமா. அங்க பூட்ஸ் குட்த்தாங்க.”

பட்டாபிராம் ஸ்டேஷனுக்குப் பின்னால், ஏரிக்கரையை ஒட்டியிருக்கும் சேரி எங்களுடையது. நான் உலகநாதன், ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். சித்தப்பா எனக்கு ஏழெட்டு வயதுதான் மூத்தவர், ஆனாலும் முறை முறைதானே. ஆவடிப் பக்கத்து வயல்களை வளைத்துப் பட்டாளத்துக்குக் கொட்டகை போட்டபோது வயலோடு அவருடைய கூலியும் போயிற்று. கொட்டகைக்குச் செங்கல் சுமக்கப் போனவர், பட்டாளத்துக்குக் கூலிவேலை செய்யும் பயனீர் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்படியே வரிசையில் நின்றுவிட்டார். நெஞ்சை அளந்தார்கள். பல்லைப் பார்த்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, “சோறு போட்றாங்களாம், போய்ட்டு வரேன்” என்றார். முனியம்மா சித்தி ஏதோ மூன்று நாள் வேலை என்று நினைத்து, துவையல் அரைத்துக் கட்டிக் கொடுத்தாள். அவர் எகிப்துக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இத்தாலிக்குப் போய், நாற்பத்தாறாம் வருஷம் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு திரும்பி வந்தார். கம்பளி ஒன்று, பூட்ஸ் ஒரு ஜோடி, அப்புறம் ஒரு பலகாரம். அவர் கொண்டுவந்தது அவ்வளவுதான்.

அந்தப் பலகாரத்தின் பெயர் பிட்ஸா என்றார். கோதுமை மாவைப் புளிக்கவைத்து அடை மாதிரி தட்டி, மேலே தக்காளியும் பால்கட்டியும் மீனும் வைத்துச் சூளைக்குள் விட்டுச் சுடுவதாம். நேப்பிள்ஸ் என்று ஒரு பட்டணம். அங்கே கம்பெனித் துணி துவைத்துக்கொடுத்த ஒரு அம்மா, கிறிஸ்துமஸ் அன்றைக்கு இவரையும் இன்னொருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டாளாம். அந்த வீட்டிலும் பஞ்சம்தான். இவர் கம்பெனிச் சமையல்கட்டிலிருந்து கொண்டுபோன மாவைத்தான் பிசைந்திருக்கிறார்கள். ஆனால் பெரியவர், பிள்ளைகள், இவர் என்று எல்லோரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்து, ஆளுக்கொரு உருண்டை கொடுத்து, அவரவர் அடையை அவரவரே தட்டச் சொன்னார்களாம்.

“நான் கைய பின்னால கட்டிக்கினு நின்னேன்டா ஒலகா. அந்தம்மா என் கைய இஸ்து மாவுல வெச்சாங்க” என்று சொல்லும்போது மட்டும் சித்தப்பாவின் குரல் கொஞ்சம் மாறும்.

எங்கள் ஊர் நிலத்துக்காரர் வீட்டில் நாங்கள் கூழ் வாங்கிக் குடிப்பது கொல்லைப்புறத்தில், குனிந்து, இரண்டு கையையும் குவித்து. அந்த வீட்டு மாவு எந்தப் பானையில் இருக்கிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அப்படிக் குனிந்து குடித்த சித்தப்பாவை வீட்டுக்குள் கூப்பிட்டு மாவில் கை வை என்று சொன்னது உலகத்திலேயே அந்த ஒரு அம்மாதான். அதை அவர் மறக்கவில்லை. மறக்கச் சொல்லவும் எனக்கு வாய் வராது.

சித்தப்பா திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு சிக்கல் தயாராகக் காத்துக்கொண்டிருந்தது. அவர் இல்லாதபோதே, அந்த வருஷ வைகாசியில், மகள் சாமுண்டீஸ்வரிக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வானகரத்து வேம்புலி. செங்கல் சூளையில் வேலை, நல்ல உடம்பு, வாய் மட்டும் கிடையாது. அவனுக்கும் சேர்த்து அவன் அப்பன் துலுக்கானம் பேசுவார். துலுக்கானத்துக்கும் சேர்த்து அவர் தம்பி சின்னப்பையன் பேசுவான். சின்னப்பையனுக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருந்தது.

கல்யாணத்தில் சம்பந்திப் பந்தி நடக்கும்போது சோறு தீர்ந்துவிட்டது. சித்தி என்ன செய்வாள்? ரேஷன் கார்டு அரிசியை மாதக்கணக்கில் வாயைக் கட்டிச் சேர்த்துவைத்திருந்தாள். வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள். இரண்டாம் தடவைக்குச் சோறு வராது என்று தெரிந்ததும் சின்னப்பையன் எழுந்தான். அவன் எழுந்ததால் துலுக்கானம் எழுந்தார். அவர் எழுந்ததால் பந்தியே எழுந்தது. வெற்றிலை பாக்குகூட வாங்கவில்லை. பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஆடி வந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவது எல்லா ஊரிலும் உண்டு. ஆவணி பிறந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போவதும் உண்டு. இவர்கள் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள். ஆவணி போய், புரட்டாசி போய், சித்தி ஆள் அனுப்பிக் கேட்டதற்கு துலுக்கானத்திடமிருந்து பதில் வந்தது: “பாதி வயித்தோட எய்ந்து வந்தவங்க நாங்க. அந்தூட்டு ஆம்பள வந்து முய்வயிறு போடட்டும். அப்பறம் பாக்கலாம்.”

வேம்புலி ஒருநாள் வானகரத்திலிருந்து நடந்தே ஸ்டேஷனுக்கு வந்து, என் கையில் ஒரு காராசேவுப் பொட்டலத்தைக் கொடுத்து, “அதுக்குக் குடுத்துடு மச்சான்” என்று சொல்லிவிட்டு, வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் வந்த வழியே போய்விட்டான். அப்பனுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவானாம். இப்படிப்பட்ட தைரியசாலியிடமிருந்துதான் பெண்ணுக்கு நல்ல வழி பிறக்க வேண்டியிருந்தது. சாமுண்டீஸ்வரி காராசேவை வாங்கிக்கொண்டாள். அவள் அப்பா மாதிரி, எதையும் முகத்தில் காட்டாத ஜாதி.

சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டார். மழை நிற்கும்வரை யோசித்தார். பிறகு, காணும் பொங்கலுக்கு சம்பந்திகளை விருந்துக்குக் கூப்பிடுகிறேன், வயிறு வெடிக்கப் போடுகிறேன், அன்றைக்கே பெண்ணை வண்டியில் ஏற்றி அனுப்புகிறேன் என்று சொன்னார். சித்தி அழுதுகொண்டே சந்தோஷப்பட்டாள். என்ன போடப்போகிறார் என்று அப்போது அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த வருஷம் எங்கள் ஏரி பாதிகூட நிரம்பவில்லை. விளைந்த நெல்லில் சர்க்காருக்கு அளந்தது போக, நிலத்துக்காரர் பத்தாயத்துக்குப் போனது போக, எங்களுக்கு மிஞ்சியது பொங்கல் பானைக்கே சரியாகப் போயிற்று. கார்டுக்குக் கொஞ்சம் அரிசியும் மீதிக்குக் கோதுமையும் போட்டார்கள். கோதுமையை என்ன செய்வதென்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. சிலர் சோறு மாதிரி வடித்துப் பார்த்தார்கள். வெந்தது, ஆனால் தொண்டைக்குள் இறங்க மறுத்தது. கடைசியில் அதைக் கோழிக்குப் போட்டார்கள். கோழிகளும் முதலில் யோசித்தன.

சித்தப்பா அந்தக் கோதுமையை வீடுவீடாக வாங்கினார். ஆவடி மில்லில் அரைத்து, சித்தியின் பழைய புடவையில் சலித்தார். அப்போதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

“சம்பந்திக்கு கோதும அடையா? சோறு பத்தலன்னு எய்ந்து போனவனுக்கு சோறே இல்லாம விருந்தா?”

“சோறு போட்டா மறுபடியும் பத்தாது முனிமா. இது இன்னான்னே அவங்களுக்குத் தெரியாது. தெரியாதத எப்டி பத்தலன்னு சொல்வாங்க?”

இதற்கு என்ன சொல்வதென்று நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

கொல்லையில் உடைந்த செங்கல்லையும் களிமண்ணையும் வைத்து அடுப்பு கட்டினார். கீழே மேடை, மேலே குவிந்த கூரை, முன்னால் ஒரு வாய். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்துவிட்டு, ரொம்ப மெதுவான குரலில், “யாரு பூட்டாங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கத்தில் அந்த வடிவில் கட்டுவது சமாதி ஒன்றுதான். சித்தப்பா, “அடுப்பு” என்று சொல்லிக்கொண்டே மண் பூசினார். கேட்டவர்கள் நம்பவில்லை. ஒருத்தி பூவே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மாவு புளிக்கக் கள்ளுக்கடையிலிருந்து ஒரு சொம்பு கள் வாங்கிவந்தார். முழுச் சொம்பும் மாவுக்குத்தான் போயிற்று என்று சொல்ல மாட்டேன். தக்காளியும் பூண்டும் பூந்தமல்லிச் சந்தையில் கிடைத்தன. நேப்பிள்ஸில் ஏதோ உப்பு மீன் வைப்பார்களாம். இங்கே நெத்திலிக் கருவாடு. அந்த ஊர் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய். பால்கட்டிக்குத்தான் வீட்டில் ரகளை. மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம் ஒரு குண்டான் பாலைக் காய்ச்சி, அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார்.

“நல்ல நாளும் அதுவுமா ஊரே பால் பொங்குதான்னு பாத்துக்கினு கீது. நீ பால திரிச்சிக்கினு கீறே. உனுக்கு இன்னாயா கேடு?” என்று சித்தி மாரில் அடித்துக்கொண்டாள்.

“திரிஞ்சாத்தான் கட்டி” என்றார் சித்தப்பா, துணியைப் பிழிந்துகொண்டே. பட்டாளத்தில் இருந்து வந்தவர்களோடு வாதாட முடியாது. அவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வரிதான் வைத்திருக்கிறார்கள்.

காணும் பொங்கல் அன்று வானகரத்திலிருந்து மாட்டுவண்டி வந்து நின்றது. முன்னால் சின்னப்பையன் இறங்கினான். பிறகு துலுக்கானம், அவர் பெண்சாதி பொன்னம்மாள், கடைசியில் வேம்புலி. நடுவில் சின்னப்பையனின் பேரப்பிள்ளைகள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எல்லோரும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. வயிற்றோடு சண்டைக்கு வந்திருந்தார்கள். சித்தப்பா பூட்ஸ் போட்டுக்கொண்டு வாசலில் நின்று வரவேற்றார்.

கொல்லையில், வேப்பமரத்து நிழலில், பாய் விரித்து எதிரும் புதிருமாக இலை போட்டிருந்தோம். அந்த நேப்பிள்ஸ் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்த மாதிரி இருக்கவேண்டும் என்பது சித்தப்பாவின் உத்தரவு. ஒவ்வொரு இலையிலும் ஒரு மாவு உருண்டை. மேலே பளபளவென்று நல்லெண்ணெய். பக்கத்தில் ஒரு தொன்னையில் தண்ணீர். நடுவில் வெங்காயம், தக்காளி, கருவாடு, பால்கட்டி எல்லாம் தட்டுத்தட்டாக மூடியிருந்தன. உருண்டைகளை இலையில் வைத்தது நான்தான். வைக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சின்னப்பையன் உட்காரக் குனிந்தான். இலையைப் பார்த்தான். அப்படியே நிமிர்ந்தான்.

“யாருக்குடா இது?”

“உங்குளுக்குத்தான் அண்ணாத்தே. குந்துங்க” என்றார் சித்தப்பா.

“எனுக்கா? எனுக்கா பிண்டம் வெச்சிகீறே?”

அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கும் கண் திறந்தது. பச்சை மாவு உருண்டை, இலை, எண்ணெய், தண்ணீர், பின்னால் சமாதி மாதிரி ஒரு மேடை, அதன் மேல் பூ வேறு. கருமாதிக்கு இதில் குறைந்தது காக்கை மட்டும்தான். அதுவும் வேப்பமரத்தில் உட்கார்ந்திருந்தது.

துலுக்கானம் துண்டை உதறித் தோளில் போட்டார். “பாதி வயிறு போட்டு அனுப்பனாங்க. இப்ப மொத்தமா அனுப்பப் பாக்கறாங்க. வண்டியப் பூட்டுடா வேம்புலி.”

சத்தம் கேட்டு ஓடிவந்த சித்தி இலைகளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “அடப்பாவி மன்ஷா” என்று மட்டும் வந்தது. சாமுண்டீஸ்வரி அடுப்பு வாயில் சவுக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் விறகு தள்ளினாள். வண்டி இப்போது வெறும் வண்டியாகப் போனால் அவள் வாழ்க்கை அத்தோடு முடிந்தது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்குச் சித்தப்பாவைக் கழுத்தை நெரித்துக் கொல்ல வேண்டும் போல இருந்தது.

அவர் அசையவில்லை. தன் இலையில் இருந்த உருண்டையை எடுத்து, பட்டென்று பாயில் கவிழ்த்த முறத்தின் மேல் அறைந்து, நாலு தட்டில் அடையாக்கினார். வெங்காயத்தைத் தூவினார்.

“பிண்டத்த யாராவது தட்டி, வெங்காயம் போட்டு, நெருப்புல சுட்டுத் துண்வாங்களா? நீயே சொல்லு அண்ணாத்தே.”

சின்னப்பையன் யோசித்தான். நியாயமான ஆள் இல்லை, ஆனால் பசித்த ஆள்.

“துண்ண மாட்டாங்க” என்றான்.

“அப்ப குந்து.”

சின்னப்பையன் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததால் துலுக்கானமும் உட்கார வேண்டியதாயிற்று. வேம்புலி பூட்டிய மாட்டை மறுபடியும் அவிழ்த்தான்.

“சரி, எடுத்துக்கினு போய் சுட்டுக் கொண்டா” என்றார் துலுக்கானம்.

“நீங்கதான் தட்டணும் சம்பந்தி. அவங்கவங்களுது அவங்கவங்க தட்டணும். அதான் இதுல மொறை.”

இது முதலாவதைவிட மோசம். பெண் எடுத்த வீட்டில் சம்பந்தி சொம்பைக்கூடத் தானாக எடுக்க மாட்டார், எடுத்துக் கொடுக்க வேண்டும். துலுக்கானத்தின் மீசை துடித்தது.

“இன்னாது? நாங்க கை நனைக்க வந்தோமா, மாவு பெசைய வந்தோமா?”

சித்தப்பா அந்தத் துணி துவைக்கிற அம்மாவின் கதையைச் சொன்னார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதைச் சொன்னார். அந்தக் கையை அவள் இழுத்து மாவில் வைத்ததைச் சொன்னார். “நம்ப ஜனங்கள யாரும் அப்டிக் கூப்ட்டது இல்ல சம்பந்தி. என் ஊட்லயாவது எல்லாரும் ஒண்ணா மாவுல கை வெக்கணும்னு எனுக்கு ஆச” என்றார்.

“அவ வெள்ளக்காரி. அவுளுக்கு சம்பந்தி மொறை இன்னா தெரியும்?” என்றான் சின்னப்பையன்.

யாரும் கை நீட்டவில்லை. பிள்ளைகள் மட்டும் ஏற்கெனவே உருண்டைகளைப் பாம்பும் கிளியுமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்று பாதிக் கிளியைப் பச்சையாகவே தின்றுவிட்டிருந்தது. சித்தி, விருந்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று, ஒரு உருண்டையை எடுத்துத் தட்டினாள். ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் கிழிந்து, நடுவில் ஓட்டை விழுந்தது.

பொன்னம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

“இன்னா சம்பந்தி, நீ வறட்டியே தட்னதில்லியா?”

“ஏன் தட்டாம? தெனம் தட்றேன்.”

“அத சுவுத்துல ஒட்டிப் பாத்தியா? நிக்குதா?” என்று கேட்டுக்கொண்டே நகர்ந்து வந்து, சித்தி கையிலிருந்த மாவைப் பிடுங்கி, உருட்டி, அறைந்து, விரல் நுனியால் ஓரத்தைத் தள்ளித் தள்ளி, வட்டமாக ஒன்று போட்டாள். உண்மையாகவே அழகாக இருந்தது. “இப்டி. கைய வெச்சிக்கினு அமுக்கக் கூடாது, தள்ளணும்” என்று சொல்லிவிட்டு, கேட்பாரில்லாமலே இரண்டாவதையும் எடுத்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, “குந்திக்கினு வேடிக்க பாக்கறியே, உன்னுத நானா தட்டுவேன்?” என்றாள்.

துலுக்கானம் துண்டைக் கீழே வைத்தார். மாவில் கையை வைத்தார்.

அதற்குப் பிறகு ஒருவரையும் தடுக்க முடியவில்லை. சின்னப்பையன் தன் அடைதான் பெரிதாக இருக்கவேண்டும் என்று பக்கத்துப் பிள்ளையின் மாவையும் சேர்த்துக்கொண்டு, கருவாட்டுத் தட்டையே அதன் மேல் கவிழ்த்தான். துலுக்கானம் வெங்காயத்தை ஒவ்வொன்றாக வரிசை பிடித்து நாற்று நட்ட மாதிரி வைத்தார். வேம்புலியின் அடை மட்டும் எந்த வடிவத்திலும் சேராமல் இருந்தது. அதை அவனே பலகையில் வைத்து அடுப்படிக்கு எடுத்துப் போனான்.

“கருவாடு போதுமா?” என்று சாமுண்டீஸ்வரி கேட்டாள்.

“போதும்” என்றான்.

ஆடிக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டது அதுதான். அவள் அந்த அடையை வாங்கி உள்ளே தள்ளினாள். அது வேகிறவரை அவன் அங்கேயே நின்றான். வெந்த பிறகும் நின்றான்.

வந்தவர்கள் சாப்பிட்டார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால், குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்கள். உப்பு குறைச்சல் என்றார் துலுக்கானம், ஓரம் கருகிவிட்டது என்றாள் பொன்னம்மாள். “இது அடையும் இல்ல, ரொட்டியும் இல்ல, இத்த எதுல சேக்கறது?” என்று சின்னப்பையன் தெருப்பக்கம் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு நாலாவதை மடித்து வாயில் வைத்தான். அடுப்பை விட்டு நகராமல் சாமுண்டீஸ்வரி வேகவைத்துத் தந்துகொண்டே இருந்தாள். புகையில் கண் சிவந்து, கை முழுக்கச் சாம்பல். சித்தி ஓடி ஓடிப் பரிமாறினாள். சித்தப்பா பூட்ஸோடு நடுவில் நின்று, யார் இலை காலியாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு கம்பெனிக்கே பார்த்தவர்.

கடைசியில் துலுக்கானம் ஒரு ஏப்பம் விட்டார். கொல்லையே அதைக் கேட்டது. சித்தி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர். துலுக்கானம் கை கழுவி, வெற்றிலை வாங்கி, சுண்ணாம்பு தடவி, மடித்துப் போட்டுக்கொண்டார்.

“சரி சம்பந்தி. கொற ஒண்ணும் இல்ல. பொண்ண அனுப்பு.”

சித்தி துணி மூட்டையை முந்தின நாளே கட்டி வைத்திருந்தாள். ஓடிப்போய் எடுத்துவந்தாள். வேம்புலி மாட்டைப் பூட்டினான், இந்தத் தடவை சொல்லாமலே. சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுப்படிக்குப் போய், “கெளம்பும்மா, பொய்து சாயறதுக்குள்ள ஏரிக்கரய தாண்டணும்” என்றார்.

சாமுண்டீஸ்வரி கையைக் கழுவினாள். மாவுச் சட்டியை வழித்தாள். அடியில் ஒட்டியிருந்ததெல்லாம் சேர்ந்து ஒரு சின்ன உருண்டை வந்தது. அதை முறத்தில் போட்டு, அவசரமில்லாமல் தட்ட ஆரம்பித்தாள்.

“இன்னாமே பண்றே? எல்லாரும் துண்ணாச்சி” என்றாள் சித்தி.

“நான் துண்ணல.”

“போற வயில துண்ணுக்கலாம். நாலு சுட்டது கட்டித் தரேன்” என்று சொல்லித் தட்டைப் பார்த்தாள். சுட்டதில் ஒன்றும் மிச்சமில்லை.

“வண்டி நிக்குதும்மா” என்றார் துலுக்கானம், வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. மரியாதையும் குறையவில்லை.

“கல்யாணத்தன்னிக்கும் நான் துண்ணல மாமா. உங்குளுக்காச்சும் பாதி வயிறு. எனுக்கு எலையே போடல. பட்டினியாத்தான் உங்கூட்டு வண்டில ஏறி வந்தேன். அன்னிக்கி ராத்திரி நீங்கல்லாம் அங்க போய் ஆக்கித் துண்ணீங்க. அப்பவும் என்ன யாரும் கேக்கல. நான் அதுக்கு யாரயாச்சும் திருப்பி அனுப்பனேனா?”

பொன்னம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ராத்திரி சோறு ஆக்கியது அவள்தான்.

சித்தப்பா பாய்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சம்பந்திக்கு, தம்பிக்கு, மாப்பிள்ளைக்கு, பிள்ளைகளுக்கு, எனக்கு, ஏன், வண்டிமாட்டுக்குக்கூட ஒரு இலையில் தவிடு வைத்திருந்தோம். அவளுக்கு இலை இல்லை. எல்லோரும் மாவில் கை வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர், எல்லோருக்கும் இலை போட்டவர், பெற்ற மகளை அடுப்படியில் நிறுத்திவிட்டு மறந்திருந்தார். அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே போய் ஒரு இலை கொண்டுவந்து, அவள் பக்கத்தில் போட்டு, தண்ணீர் தெளித்தார். கிண்ணங்களில் ஒட்டிக்கொண்டிருந்த தக்காளியையும் பால்கட்டியையும் விரலால் வழித்து அவள் அடையின் மேல் வைத்தார். தணிந்துபோயிருந்த அடுப்புக்கு வேம்புலி வண்டியை விட்டு இறங்கி வந்து விறகு தள்ளினான். அவன் அப்பன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அது வேக நேரமாயிற்று. எல்லோரும் நின்றார்கள். வெந்ததும் அவள் இலையில் வைத்து, உட்கார்ந்து, பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டாள். சம்பந்திகள் வண்டி ஓரமாக நின்று அவள் சாப்பிட்டு முடிப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

சித்தப்பா அவள் பக்கத்தில் குந்தினார். மற்றவர்களுக்குக் கேட்காமல், ஆனால் எனக்குக் கேட்டது, “நீ போவணும்னு கட்டாயம் இல்லமா. வாணான்னா சொல்லு. நான் பேசிக்கறேன்” என்றார்.

அவள் கடைசித் துண்டை வாயில் போட்டு, மென்று விழுங்கி, இலையை மடித்தாள்.

“போறேன் நைனா. பசியோட போவ மாட்டேன், அவ்ளோதான்.”